‘அவங்க போயிருவாங்க!’

அவிநாசியின் லைன் வீடுகளில் குடும்பத்தோடு குடியேறிவிட்டார்கள் வடமாநிலத் தொழிலாளர்கள். வாடகை முதல் வாக்காளர் பட்டியல் வரை எல்லாவற்றிலும் அவர்களை இன்னும் வழிப்போக்கர்களாகவே வைத்திருக்கிறோம் நாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவிநாசிக் கடைவீதியில் போய் நின்று பாருங்கள். வாரத்தின் மற்ற நாள்களில் பனியன் கம்பெனிகளின் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் ஒரு கூட்டம் அன்று மட்டும் தெருவுக்கு வரும். குளித்து, தலை சீவி, நாலைந்து பேராகச் சேர்ந்து நடந்து வருவார்கள். போட்டிருக்கும் டீ-ஷர்ட்டின் நெஞ்சில் ஏதோ ஓர் ஐரோப்பியக் கடையின் பெயர் இருக்கும். தையல் பிசகியதால் கப்பல் ஏறாமல் நின்றுபோன சரக்கு அது. பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசை. ரீசார்ஜ் கடையில் நெரிசல். காய்கறிக் கடையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பச்சை மிளகாயும் மூட்டை மூட்டையாகக் கரையும். கோயில் தேர் நிற்கும் பக்கம் ஒரு பையன் வீடியோ காலில் இருக்கிறான். கைப்பேசியைத் திருப்பி, முதலில் தேரைக் காட்டுகிறான், பிறகு கோபுரத்தை. திரையில் முக்காடு போட்ட ஓர் அம்மா. கோபுரம் போதும், உன் முகத்தைக் காட்டு என்பதுபோல் கையை ஆட்டுகிறார்.

பத்து வருடங்களுக்கு முன்பும் இந்தக் காட்சி உண்டு. இப்போது அதில் புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். வகிட்டில் சிந்தூரம் வைத்த பெண்கள். அவர்கள் இடுப்பில் குழந்தைகள். மளிகைக் கடையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அப்பாவுக்கும் கடைக்காரருக்கும் நடுவில் நிற்கிறாள். அப்பா போஜ்புரியில் கேட்கும் கடுகெண்ணெயை, அவள் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுச் சுத்தமான கொங்குத் தமிழில் வாங்கித் தருகிறாள்.

அவிநாசி, திருமுருகன்பூண்டி, பெருமாநல்லூர், சேவூர் என இந்த வட்டாரத்தில் எங்கே பேச்சுக் கொடுத்தாலும், வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிய பேச்சு ஓரிடத்தில்தான் வந்து முட்டும்: ‘அவங்க போயிருவாங்க.’ லைன் வீட்டுக்கு இன்னொரு கழிப்பறை கட்டாததற்கு வீட்டுக்காரர் சொல்லும் காரணம் அது. பி.எஃப். கணக்குத் தொடங்காததற்கு காண்ட்ராக்டர் சொல்லும் காரணமும் அதுவே. ஓட்டு இல்லாதவர்கள் என்பதால் கட்சிக்காரர்கள் அந்தத் தெருவுக்குள் நுழைவதே இல்லை. ஏறத்தாழ இருபது வருடங்களாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆள்கள் மாறினார்கள், மாநிலங்கள் மாறின, கூட்டம் மட்டும் பெருகிக்கொண்டேதான் வருகிறது. இப்போது மனைவி மக்களும் வந்துவிட்டார்கள்.

வறண்ட மண், வந்த கைகள்

அவிநாசி மழை மறைவுப் பிரதேசம். இங்கே கிணறு வற்றினால் தறிக்குப் போவார்கள், அல்லது பனியனுக்குப் போவார்கள். தலைமுறை தலைமுறையாகக் கேட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் கொண்டுபோகும் பணியைத் தொடங்கியது 2024 ஆகஸ்ட் 17-ல்தான். அதற்குள் காட்டு வேலையை விட்டவர்கள் கைமடி உதவியாளாகச் சேர்ந்து, டைலராகி, நான்கு மெஷின் போட்டு, சிலர் ஏற்றுமதியாளராகவும் ஆகிவிட்டார்கள். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த பனியன் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தமிழர்கள். பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சைப் பக்கத்து ஆள்கள் பஸ் ஏறி வந்தார்கள். 2000-களின் நடுவிலிருந்து வடக்கே போகும் ரயில்கள் திரும்பி வரும்போது ஆள்களை ஏற்றி வரத் தொடங்கின. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம், உத்தரப் பிரதேசம். தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் திருப்பூர் ஸ்டேஷனில் நிற்கும் சில நிமிடங்களில் பையும் பக்கெட்டுமாக இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் போதும், இந்தத் தொழில் எதன்மேல் ஓடுகிறது என்பது விளங்கும்.

உள்ளூர்ப் பிள்ளைகள் வேலைக்கு வருவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தைகள், பீகாரில் 3. நம் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு. அந்தக் குறைவான பிள்ளைகளும் படித்து, கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். வேலை மட்டும் இங்கேயே இருக்கிறது.

ஒன்றரை ஷிப்ட்டின் கணக்கு

பனியன் பூமியின் நேரம் ஷிப்ட்டில்தான் அளக்கப்படும். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்தவர் இரவு எட்டரை தாண்டி எழுந்தால் ஒன்றரை ஷிப்ட். சட்டம் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்கிறது. பல இடங்களில் நடைமுறை வேறு: அரை ஷிப்ட்டுக்கு அரைச் சம்பளம். ஊரைவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தவருக்கு ரூமுக்குப் போய்ச் செய்ய வேறொன்றும் இல்லாததால், அவரே முன்வந்து ஒன்றரை கேட்பார். ‘அவங்களாத்தான் கேக்கறாங்க’ என்று நிர்வாகம் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் கேட்கிறார் என்பதற்காகச் சட்டம் மாறிவிடாது.

பவர் டேபிளில் உட்காரும் டைலர் பெரும்பாலும் பீஸ் ரேட். ஓவர்லாக், ஃபிளாட்லாக் என்று கை பழகிவிட்டால் சனிக்கிழமைச் சம்பளம் கனமாக இருக்கும். செக்கிங், அயர்னிங், பேக்கிங், பிசிறு வெட்டும் வேலைகளுக்கு ஷிப்ட் சம்பளம். நடுவில் காண்ட்ராக்டர். அவரும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். டிக்கெட் எடுத்துக்கொடுத்து, முன்பணம் கொடுத்து, ரூம் பார்த்துக்கொடுத்து, காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கித் தருபவரும் அவரே. கூலியில் தன் பங்கை எடுத்துக்கொள்பவரும் அவரே. அவரை வில்லனாக எழுதுவது சுலபம். கம்பெனி செய்ய வேண்டியதையும் அரசு செய்ய வேண்டியதையும் அவர் தலையில் கட்டிவிட்டு, அதற்கான விலையைத் தொழிலாளியிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம் என்பதே என் கணிப்பு.

ஏற்றுமதிக் கம்பெனிகளில் நிலைமை எவ்வளவோ மேல். வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் தீயணைப்புக் கருவியைப் பார்க்கிறார், கழிப்பறையைப் பார்க்கிறார், விடுதிக் கட்டிலை எண்ணுகிறார். ஆனால் ஆர்டரின் ஒரு பகுதி ஜாப் ஒர்க்காக வெளியே போகிறது. பத்து மெஷின், இருபது மெஷின் போட்ட அந்தச் சின்ன யூனிட்டுகளுக்கு எந்த ஆடிட்டரும் வருவதில்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அந்த அடி முதலில் விழுந்ததும் இந்தச் சின்ன யூனிட்டுகளில்தான். ஆர்டர் நின்றால் பீஸ் ரேட்காரருக்குச் சம்பளம் இல்லை. அதை ஆள்குறைப்பு என்று யாரும் எழுதிவைப்பதும் இல்லை. மெஷின் ஓடவில்லை, அவ்வளவுதான். ரூம் வாடகையும் ஊரில் எதிர்பார்க்கும் பணமும் அப்படியே நிற்கும்.

■ பெட்டிச் செய்தி: எண்களில்

2024-25 நிதியாண்டில் திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். 2011-க்கும் 2016-க்கும் இடையில் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 90 லட்சம் பேர் வேலைக்காகவும் படிப்புக்காகவும் மாநிலம் விட்டு மாநிலம் போனார்கள் என்று 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை கணித்தது. இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்குத் தொழிலாளி தருவது ஏழரை ரூபாய்தான்.

தலைக்கு இவ்வளவு வாடகை

ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து, பதினைந்து அறை. கடைசியில் இரண்டு கழிப்பறை. நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அவிநாசிப் பக்கத்து லைன் வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்தப் படத்தை விரிக்க வேண்டியதில்லை. தமிழ்க் குடும்பத்துக்கு அறைக்கு வாடகை. வடமாநிலப் பையன்களுக்குப் பல இடங்களில் தலைக்கு வாடகை. ஆறு பேர் என்றால் ஆறு மடங்கு. பகல் ஷிப்ட்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்ட்காரர் படுக்கிறார். மேலே சிமென்ட் ஷீட். சித்திரை வெயிலில் அந்த அறையில் பகல் தூக்கம் எப்படி இருக்கும் என்பதை, அதே ஷீட்டின் கீழ் ஒரு நாள் மதியம் படுத்துப் பார்த்துவிட்டு வாடகை நிர்ணயிக்கலாம்.

பெண்களின் உலகம் வேறு. 2014-ல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டத்தில் தையல் பழகிய ஒடிசா, ஜார்க்கண்ட் கிராமத்துப் பெண்கள் கம்பெனி விடுதிகளுக்கு நேராக வந்து இறங்குகிறார்கள். கட்டில் உண்டு, சாப்பாடு உண்டு, காவலும் உண்டு. பல விடுதிகளில் வெளியே போவது ஞாயிற்றுக்கிழமை சில மணி நேரம், அதுவும் கூட்டாக. பாதுகாப்பு என்கிறார்கள். பதினெட்டு வயது தாண்டி, சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பும் ஒரு பெண்ணைக் கடைக்குப் போக அனுமதிச் சீட்டுக் கேட்க வைப்பதை நாம் நம் வீட்டுப் பெண்ணுக்கு ஏற்போமா? பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த 2014-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதிவுச் சான்றிதழை வாசலில் மாட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடக் கூடாது.

குடும்பமாக வருகிறவர்களுக்குத் திறக்கும் கதவுகள் இன்னும் குறைவு. ‘குடும்பத்துக்கு மட்டும்’ என்று பலகை மாட்டிய வீட்டுக்காரரே, வந்து நிற்பது பீகார்க் குடும்பம் என்றால் தயங்குகிறார். சமையல் வாடை என்கிறார், பாஷை தெரியாது என்கிறார். கடைசியில் அந்தச் சொல்: எப்படியும் போயிருவாங்க, எதற்கு வம்பு.

பக்காளாவும் பழைய சோறும்

பாஷை முதலில் கம்பெனியில்தான் ஒட்டிக்கொள்கிறது. ஒடிசாப் பையன் கற்கும் முதல் தமிழ்ச் சொற்கள் சீக்கிரம், டேமேஜ், நாளைக்கு, லீவு. தமிழ் சூப்பர்வைசர் கற்கும் முதல் இந்திச் சொல் ஜல்தி. இரண்டு பக்கமும் அவசரத்தைத்தான் முதலில் பரிமாறிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் சோற்றுவேளை வேறு கதை சொல்லும். ஒடிசாவில் பக்காளா என்று ஒன்று உண்டு. சோற்றில் நீர் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் தயிரும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். நம் பழைய சோறுதான். கம்பெனிப் படியில் ஒரு பக்கம் அவர்கள் தூக்குவாளி, இன்னொரு பக்கம் நம் அக்காவின் தூக்குவாளி. இரண்டிலும் ஒரே நீராகாரம். செக்கிங் டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்யும் பெண்களுக்கு இது எப்போதோ தெரியும். மாங்காய் ஊறுகாய் மாறும், மருதாணி மாறும், பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்ற தகவல் மாறும். இந்த ஊரில் ஒற்றுமை என்று ஒன்று வளர்ந்திருக்கிறதென்றால், அது மேடைப் பேச்சில் வளரவில்லை. செக்கிங் டேபிளில் வளர்ந்தது.

தீபாவளி போனஸ் அவர்களுக்குச் சத் பூஜைக்கான பயணச் செலவு. தீபாவளி கழிந்து ஆறாம் நாள், தண்ணீரில் நின்று சூரியனை வணங்கும் பீகாரின் பெரிய விரதம் அது. ஹோலிக்கும் சத்துக்கும் கம்பெனியில் பாதி மெஷின் நிற்கும். ரயிலில் கழிப்பறை வாசல் வரை ஆள் உட்கார்ந்திருக்கும். டிக்கெட் கிடைக்காதவர் இங்கேயே ஏதாவது நீர்நிலையைத் தேட வேண்டும். ஆனால் ஒன்று: ஊருக்குப் போகிறவர் ரூமில் பாயையும் பாத்திரத்தையும் விட்டுவிட்டுத்தான் போகிறார். பாயை விட்டுப் போகிறவர் திரும்பி வருவார்.

தெருவில் அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையா என்பது பரவாயில்லை, அண்ணன் என்றுதான் பொருள். ‘வடக்கன்’ என்பது அப்படி இல்லை. எழுத்தாளர் பாஸ்கர் சக்தி இயக்கிய படத்துக்கு அந்தப் பெயரைத் தணிக்கைக் குழு அனுமதிக்காததால், அது 2024-ல் ‘ரயில்’ என்று வெளியானது. திரையில் தடுத்துவிட்டார்கள். டீக்கடையில் யார் தடுப்பது?

2023 மார்ச்சில் மூன்று நாள்

அந்த மார்ச் மாதத்தை இந்த வட்டாரம் மறக்காது. தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டிக் கொல்கிறார்கள் என்று கைப்பேசிகளில் வீடியோக்கள் பறந்தன. எங்கோ, எப்போதோ, வேறு காரணத்துக்காக நடந்த வன்முறைகளின் காட்சிகள் அவை. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அவை பொய் என்று அறிவித்தார். அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின், பீகார் முதல்வராக இருந்த நிதிஷ் குமாரிடம் தொலைபேசியில் பேசினார். பீகார் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. வதந்தி பரப்பியவர்கள்மீது வழக்குகள் பாய்ந்தன.

எல்லாம் சரியாகத்தான் செய்யப்பட்டது. ஆனாலும் ஸ்டேஷனில் கூட்டம் குறையவில்லை. ஹோலிக்குக் கிளம்பியவர்களும், பயந்து கிளம்பியவர்களும் ஒரே பிளாட்பாரத்தில் நின்றார்கள். பத்து வருடம் இங்கே வேலை செய்தவர், பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘இது நிஜமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க ஆள் இல்லை. ஊரிலிருந்து அம்மா அனுப்பிய வீடியோவைத்தான் அவர் நம்ப வேண்டியிருந்தது. அந்த மூன்று நாளில் பொய் ஜெயித்ததற்குப் பாதிக் காரணம், அதற்கு முந்தைய பத்து வருடம் நாம் அவரோடு பேசாமல் இருந்தது.

இப்போது வேறொரு சந்தேகம் சுற்றுகிறது. வங்கதேசத்திலிருந்து ஆவணமின்றி வந்தவர்களைக் காவல்துறை கைது செய்யும் செய்திகள் திருப்பூரிலிருந்து வருகின்றன. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். ஆனால் மேற்கு வங்கத்தின் மால்டாவிலிருந்தும் முர்ஷிதாபாத்திலிருந்தும் வந்த இந்தியத் தொழிலாளியும் அதே வங்காளிதான் பேசுகிறார். அவர் பேச்சைக் கேட்டதும் ஊரார் கூடி ஆதாரைக் காட்டு என்று மடக்குவது யார் கொடுத்த அதிகாரம்?

■ பெட்டிச் செய்தி: கங்காணி தெரியுமா?

காண்ட்ராக்டர் என்ற சொல்லுக்கு முன்பே அந்த ஆளுக்குத் தமிழில் பெயர் உண்டு: கங்காணி. 19-ஆம், 20-ஆம் நூற்றாண்டுகளில் இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் காடுகளுக்கும் தமிழர்களை அழைத்துப்போனவர். வழிச்செலவு கொடுத்து, அதைக் கடனாக எழுதிவைத்தார். இலங்கையில் கடன் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். 1921-ல் அது ஒழிக்கப்பட்டது. தேயிலைத் தோட்டத் தமிழர்களை அங்கே நூறாண்டு கழித்தும் வந்துபோகிறவர்கள் என்றே கருதினார்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களில் பலர் வந்து இறங்கியது நீலகிரியில், நம் பக்கத்து மலையில்.

பிள்ளையைத் திருப்பித் தந்த ஊர்

அவிநாசிக்கு ஒரு பழங்கதை உண்டு. முதலை விழுங்கிய சிறுவனுக்காக ஒரு வீடு அழுதுகொண்டிருக்க, சுந்தரர் பதிகம் பாடி அந்தப் பிள்ளையை, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு மீட்டுத் தந்தார். பெற்றவர்களிடம் பிள்ளையைத் திருப்பித் தந்த ஊர் இது.

இதே வட்டாரத்தில் இப்போது ஒரு தொழிலாளி இறந்தால் என்ன நடக்கிறது? பைபாஸில் சைக்கிளில் போகும்போது லாரி மோதுகிறது, அல்லது ரூமில் தூக்கத்திலேயே மூச்சு நிற்கிறது. பிரேதப் பரிசோதனை முடிந்ததும் கூட இருந்த பையன்கள் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று வசூலிக்கத் தொடங்குவார்கள். ஆம்புலன்ஸில் பீகாருக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கூடப் போகிறவருக்கு அந்த வாரச் சம்பளம் இல்லை. நல்ல முதலாளிகள் செலவை ஏற்கிறார்கள், நல்ல காவலர்கள் ஓடியாடி உதவுகிறார்கள். ஆனால் ஒரு மனிதரின் உடல் ஊர் போய்ச் சேர்வது, அவர் வேலை செய்த இடத்தில் நல்லவர் இருந்தாரா என்பதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

துபாயிலோ மஸ்கட்டிலோ ஒரு தமிழர் இறந்தால், உடலைக் கொண்டுவர 2009 முதல் இந்தியத் தூதரகங்களில் சமூக நல நிதி இருக்கிறது. குடியேற்ற அனுமதியோடு போகும் தொழிலாளிக்கு 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு கட்டாயம். அவை வர நம் வீட்டுப் பெண்கள் எத்தனை கலெக்டர் அலுவலகங்களில் மனுவோடு நின்றிருக்கிறார்கள் என்பது தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் ராமநாதபுரத்துக்கும் தெரியும். கடல் தாண்டியவருக்குக் கிடைத்ததில் பாதிகூட, மாநிலம் தாண்டியவருக்கு இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1979-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், புகைப்படம் ஒட்டிய பாஸ்புக், தங்குமிடம், பயணப்படி எல்லாம் தரச் சொன்னது. இறப்போ பெரிய காயமோ நேர்ந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் உறவினருக்கும் ஒப்பந்தக்காரர் தகவல் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. லைன் வீடுகளில் விசாரித்துப் பாருங்கள், அந்தப் பாஸ்புக்கைக் கண்ணால் பார்த்தவரைக் கண்டுபிடிப்பது கடினம். அந்தச் சட்டத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. காண்ட்ராக்டர் இல்லாமல் தானாக ரயிலேறி வந்தவரையும் அது புலம்பெயர் தொழிலாளி என்று ஏற்கிறது. ஊர் போய்வர ஆண்டுக்கொரு முறை பயணப்படி தரச் சொல்கிறது. நல்ல மாற்றம். ஆனால் பழைய சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பாய்ந்தது, புதியது பத்துப் பேர் இருந்தால்தான். ஜாப் ஒர்க் யூனிட்டுகள் நிறைந்த வட்டாரத்தில் இந்த ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் நழுவப்போகிறவர்கள் ஏராளம்.

■ பெட்டிச் செய்தி: கையில் இருக்க வேண்டியவை

இந்தப் பக்கத்தைக் கிழித்து, உங்கள் கம்பெனியில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளிக்குப் படித்துச் சொல்லுங்கள். ரேஷன்: 2020 அக்டோபரிலிருந்து ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தமிழ்நாட்டிலும் உண்டு. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஊரில் கார்டு இருந்தால், தன் பங்கை இங்கே வாங்கலாம், குடும்பத்தின் பங்கை அவர்கள் அங்கே வாங்கிக்கொள்ளலாம். இ.எஸ்.ஐ.: பதிவு செய்தவரின் குடும்பம் ஊரில் இருந்தாலும் அங்குள்ள இ.எஸ்.ஐ.யில் சிகிச்சை பெறலாம். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசித்து, தொழிலாளர் துறையின் சான்று பெற்றால் முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்திலும் சேரலாம். பி.எஃப்.: கம்பெனி மாறினாலும் யூ.ஏ.என். எண் ஒன்றுதான், புதிய கம்பெனியில் அதே எண்ணைத் தரச் சொல்லுங்கள். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது எங்கே, எப்படி இறந்தாலும் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகை உண்டு. நாமினியின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த ஊர் வாக்காளர்?

2025-ல் பீகாரில் நடந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தின்போது இங்குள்ளவர்களின் கைப்பேசிகள் ஓயவில்லை. படிவத்தை யார் நிரப்புவது, கையெழுத்து யார் போடுவது? ஆகஸ்ட் 1-ல் வெளிவந்த வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகளோடு, இடம்பெயர்ந்தவர்களும் அதில் அடக்கம். நவம்பர் 4-ல் அதே திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கியதும் இங்கே எதிர்க்கவலை கிளம்பியது: இவர்களுக்கு இங்கே ஓட்டுக் கொடுத்துவிட்டால் நம் அரசியல் என்னாகும்?

அந்தக் கவலையை நான் ஏளனம் செய்யமாட்டேன். தன் மொழிக்கும் தன் ஊருக்கும் அஞ்சுவது தமிழர்களுக்கு வரலாறு கற்றுத் தந்த பழக்கம். ஆனால் ஒரு மனிதருக்கு ஓட்டு எங்கேயாவது ஓரிடத்தில் இருக்க வேண்டும். அங்கே இல்லை, இங்கும் கூடாது என்றால், குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்று அவர் யாரிடம் கேட்பார்? வார்டு உறுப்பினருக்கு அவரால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. லைன் வீட்டுச் சாக்கடை நிரம்பி வழிவதற்கும் இதற்கும் நேரான தொடர்பு இருக்கிறது.

2020 ஊரடங்கில் பார்த்தோம். மார்ச் கடைசியில் கம்பெனிகள் மூடின. மே மாதச் சிறப்பு ரயில்கள் வரும்வரை அவர்கள் அந்தப் பத்துக்குப் பத்து அறைகளில் கிடந்தார்கள். சிலர் நெடுஞ்சாலையில் நடக்கவே தொடங்கினார்கள். உள்ளூர் மக்களும் தொண்டு அமைப்புகளும் அரிசி பருப்பு கொடுத்ததை மறக்க முடியாது. சில மாதங்களில் ஆர்டர் திரும்பியது. ‘போயிருவாங்க’ என்று சொன்ன அதே நாம்தான் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் பஸ் அனுப்பி, கெஞ்சி அழைத்து வந்தோம்.

வருகைப் பதிவேட்டில் புதிய பெயர்கள்

இந்த வட்டாரத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளில் இப்போது குமாரிகளும் சாஹூக்களும் மண்டல்களும் கலந்திருக்கிறார்கள். ஆள் இல்லாமல் மூடப்படும் நிலையில் இருந்த வகுப்பறைகள் சில, இந்தப் பிள்ளைகளால் உயிர் பிடித்திருக்கின்றன. காலைச் சிற்றுண்டி அவர்களுக்கும் உண்டு. உப்புமாவையும் பொங்கலையும் சாப்பிட்டுவிட்டு, நம் பிள்ளைகளோடு அவர்களும் அ, ஆ எழுதுகிறார்கள். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி அவர்களுக்கும் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். தமிழ் அழிந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் ஒரு காலை இந்தப் பள்ளிகளுக்குப் போய்வர வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளி வேனில் ஏறிப் போகும் நேரத்தில், திருக்குறளை மனப்பாடமாகச் சொல்பவள் ஒரு போஜ்புரிக்காரி.

ஆசிரியர்களின் பாடு பெரிது. இந்தி தெரியாத டீச்சர், தமிழ் தெரியாத பிள்ளை. முதல் சில மாதம் சைகையில் ஓடும். நடுவில் ஹோலிக்கு ஊருக்குப் போன குழந்தை இரண்டு மாதம் கழித்து வரும், சில சமயம் வராமலே போகும். தமிழ் தெரியாத பிள்ளைகள் நிறையச் சேரும் பள்ளிகளுக்கு, இரு மொழியும் அறிந்த ஓர் உதவியாளரையாவது அரசு தர வேண்டும். இது பெரிய செலவு இல்லை. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் தொழிலுக்கு, தன் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக அந்தச் செலவில் பங்கெடுப்பதும் பாரமாகாது.

பள்ளிக்கு வராத பிள்ளைகள் எங்கே? லைன் வீட்டு வாசலில். அப்பா, அம்மா இருவரும் ஒன்றரை ஷிப்ட் போயிருக்க, ஏழு வயது அக்கா இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். இன்னும் ஐந்தாறு வருடத்தில் அவளும் பிசிறு வெட்டப் போய்விடுவாள். கடைவீதியில் நின்று தமிழில் எண்ணெய் வாங்கிய அந்தச் சிறுமிக்கும் இவளுக்கும் ஊர் ஒன்றுதான், வயதும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒருத்தியைப் பள்ளியில் சேர்க்க யாரோ ஒருவர் கூடப் போனார். இன்னொருத்திக்கு அப்படி ஆள் இல்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்றோ மாற்றுச் சான்றிதழோ இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆண்டின் நடுவிலும் சேர்க்கலாம். உங்கள் தெருவில், உங்கள் லைன் வீட்டில், உங்கள் கம்பெனி வாசலில் அப்படி ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் ஜூன் மாதம் வரட்டும் என்று இருக்க வேண்டாம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் கையைப் பிடித்து, பக்கத்துப் பள்ளிக்கு அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டு வாருங்கள்.